வாசனை எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் ஊற்றாதீர்கள்

வீட்டிலேயே சோப்பு செய்யக் கற்றுக்கொள்ள வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ஒரு கிலோவுக்கு எத்தனை சொட்டு வாசனை எண்ணெய் விட வேண்டும் என்பதைத்தான். வெட்டிவேர் எண்ணெய் தேனைப் போலக் கெட்டியாகவும் ஆரஞ்சு எண்ணெய் தண்ணீரைப் போலவும் இருப்பதால் இரண்டிலும் ஒரு சொட்டின் எடை ஒன்றாக இராது. ஆகவே கிராம் காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம் என்பேன். தேங்காயெண்ணெய், ஆமணக்கெண்ணெய் முதலான அடிப்படை எண்ணெய்களின் எடையில் 2 முதல் 3 சதவீதம், அதாவது கிலோவுக்கு 20 முதல் 30 கிராம், பொதுவாக வழங்கும் அளவு.

இந்தப் பொது அளவு கிராம்புக்குப் பொருந்தாது. பயிற்சிக்கு வந்த ஓர் அம்மா 30 கிராமும் கிராம்பு எண்ணெயாகவே ஊற்றிவிட, அதிலுள்ள யூஜினால் என்ற வேதிப்பொருள் சோப்புக் கலவையின் இறுக்கத்தைத் துரிதப்படுத்தி, அச்சில் வார்ப்பதற்குள் கரண்டி பாத்திரத்தில் நட்டுவைத்தாற்போல் நின்றுவிட்டது. வீணாக்க மனமின்றி அதைச் சுரண்டி எடுத்துப் பயன்படுத்தியவருக்கு விரல் இடுக்குகளில் அரிப்பும் தடிப்பும் வந்தன. பட்டை எண்ணெயிலுள்ள சின்னமால்டிஹைடு ஒவ்வாமையை உண்டாக்குவதில் இன்னும் கடுமையானது என்பதால் அதை நான் தொடுவதே இல்லை. கடையில் லவங்கம் என்று கேட்டால் சிலர் கிராம்பையும் சிலர் பட்டையையும் நினைத்துக்கொள்வதால், குப்பியின் மேலுள்ள பெயரைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

நான் ஒரு கிலோவுக்குச் சேர்ப்பது ஆரஞ்சு 12 கிராம், பச்சௌலி (மண்வாசனை கொண்ட ஓர் இலை எண்ணெய்) 6, எலுமிச்சம்புல் 5, கிராம்பு 2. சோப்பை 4 முதல் 6 வாரம் உலரவைக்கும்போது ஆரஞ்சு மணம் பெரும்பாலும் பறந்துவிடும். எலுமிச்சம்புல்லும் பச்சௌலியும்தான் நிலைத்து நிற்கும். புதுக் கலவையானால், ஒவ்வொரு எண்ணெயையும் தனித்தனிப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, மூடிய கண்ணாடிச் சீசாவில் ஓரிரவு வைத்து முகர்ந்து பார்த்த பிறகே தராசுக்குப் போவேன்.

திறந்து நாளான ஆரஞ்சு எண்ணெய் காற்றுப்பட்டு மாறி, ஒவ்வாமை தரும் பொருளாகிறது. குப்பியில் திறந்த தேதியை எழுதி ஃபிரிட்ஜில் வையுங்கள். சோப்பை அக்கம்பக்கத்தில் கொடுக்கும்போது, சேர்த்த எண்ணெய்களின் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். கழுவிவிடும் பொருளில் யூஜினால், ஆரஞ்சு எண்ணெயிலுள்ள லிமோனின் போன்றவை 0.01 சதவீதத்தைத் தாண்டினாலே பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. நம் சோப்பில் இருப்பதோ அதைப் போலப் பல மடங்கு.