கோடு விழாவிட்டால்தான் வம்பு

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடை ஒன்றில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது என் பழைய மாணவன் எதிரே வந்து அமர்ந்தான். செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறான். "சார், இனிமேல் எங்கள் கம்பெனியில் எச்சிலை எடுத்துப் போதைப்பொருள் சோதனை செய்வார்களாம். நான் இருமல் மருந்து குடிக்கிறேன், மாட்டிக்கொள்வேனா?" என்று கேட்டான்.

நம் ஊருக்குப் பழக்கம் சிறுநீர்ச் சோதனை. டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டுக் கழிப்பறை வாசலில் ஒருவர் காவல் நிற்பார். எச்சிலுக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 டிசம்பரிலேயே சாலையோரத்தில் இதைத் தொடங்கிவிட்டது. சிறுநீர் சில நாள் பழைய கதையையும் சொல்லும். எச்சில் பெரும்பாலும் நேற்று இன்று நடந்ததைத்தான் சொல்லும்.

இரத்தத்தில் ஓடும் மருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் கசிகிறது. சியாபு எனப்படும் மெத்தம்பெட்டமின் ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்க்குணம் கொண்டது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் இரத்தத்துக்கு 7.4; எச்சில் பொதுவாக அதைவிடச் சற்றே அமிலம். அங்கே வந்த சியாபு மூலக்கூறு ஒரு புரோட்டானைப் பற்றிக்கொண்டு மின்னேற்றம் பெறுகிறது. பிறகு கொழுப்புச் சவ்வைத் தாண்டித் திரும்ப முடியாது. எலிப்பொறிதான்! அதனால் சியாபு பல வேளைகளில் இரத்தத்தைவிட எச்சிலில் செறிவாக இருக்கும். கஞ்சா அப்படி அதிகம் கசிவதில்லை; பெரும்பாலும் புகைக்கும்போது வாயில் ஒட்டியதுதான் சிக்குகிறது.

இனி, எனக்குப் பிடித்த இடம். கோவிட் காலத்தில் எச்சில் துப்பிப் பார்த்த கருவி நினைவிருக்கிறதா? இரண்டாவது கோடு விழுந்தால் வயிறு கலங்கும். போதைப்பொருளைச் சோதிக்கும் பட்டையில் தலைகீழ்: கோடு விழாவிட்டால்தான் வம்பு.

காரணம், உருவம். வைரஸின் புரதம் பெரியது; அதை அடையாளம் கண்டு பற்றும் புரதங்களான எதிர்ப்பொருள்கள் இரண்டு இருபுறமும் பிடித்துக்கொள்ளலாம். சியாபுவின் மூலக்கூறு எடை 149, எதிர்ப்பொருளுடையதோ ஏறக்குறைய 1,50,000. ஒரு பூனையை இரண்டு யானைகள் ஒரே நேரத்தில் கட்டிப்பிடிக்க இடம் ஏது?

ஆகவே வேறு தந்திரம். பட்டையில் கோடு விழ வேண்டிய இடத்தில் சியாபு மூலக்கூறுகளையே முன்கூட்டி ஒட்டிவைத்திருப்பார்கள். எச்சில் ஊறி நகரும்போது, தங்கத் துகள் சுமந்த எதிர்ப்பொருள்களையும் இழுத்துச் செல்லும். எச்சில் சுத்தமானால் அவை வெறுங்கையோடு வந்து கோட்டைப் பற்றிக்கொள்ளும். சியாபு இருந்தால் வழியிலேயே கைகள் நிறைந்துவிடும். பாசார் மாலாமில் இரு கையிலும் பை நிறைய வாங்கியவர் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியுமா? நிற்க முடியாமல் நகர்ந்து போவார். கோடும் விழாது. சற்றுத் தள்ளியுள்ள கட்டுப்பாட்டுக் கோடு மட்டும், பட்டை ஒழுங்காக வேலை செய்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கும்.

அந்தக் கோடு சிவப்பாக இருப்பது சாயத்தால் அல்ல, தங்கத்தால். தாலியில் மஞ்சளாக மின்னும் அதே தங்கம் சில பத்து நானோமீட்டராகச் சிறுத்தால் மாதுளைச் சாறுபோல் சிவக்கும். மைக்கேல் பாரடே 1857இல் இதை ஆராய்ந்து வியந்தார். எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை.

எலுமிச்சைச் சாறு குடித்தால் தப்பலாம் என்று லாரிக்காரர்கள் பேசிக்கொள்வதாகவும் சொன்னான். சக்கரத்தடியில் நசுக்கிய எலுமிச்சை விபத்தைத் தடுக்கும் என்பவர்கள்தானே! எச்சில் எடுக்குமுன் சுமார் பத்து நிமிடம் எதையும் உண்ணாமல் குடிக்காமல் காத்திருக்கச் சொல்வதே வாயில் இருப்பவை நீங்கத்தான்.

இருமல் மருந்துக் கேள்வி மட்டும் நியாயமானது. எதிர்ப்பொருள் வடிவத்தைத் தடவிப் பார்த்தே ஆளை அடையாளம் காண்கிறது. சில இருமல் மருந்துகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் சியாபுவின் சாயலில் இருப்பதால் சில பட்டைகள் ஏமாறக்கூடும். அதனால் பட்டையை மட்டும் நம்பி ஒருவர் வேலையைப் பறிப்பது அக்கிரமம் என்பேன். ஆய்வகத்தின் நிறைமாலைமானி மூலக்கூறை எடை போட்டே பார்த்துவிடும்: சியாபு 149, சூடோஎஃபெட்ரின் 165.

அவன் சட்டைப் பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினான். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். மூன்றாவது வரியில் சூடோஎஃபெட்ரின். "இந்தப் பெயரை ஒரு தாளில் எழுதி, எச்சில் கொடுக்குமுன்பே அவர்களிடம் கொடுத்துவிடு, தம்பி" என்றேன். கடைக்காரரிடம் பேனா வாங்கி, சிகரெட் அட்டையின் பின்புறம் எழுதிக்கொண்டான்.