தட்டு மறையும் ஆழம்

ஏரித் தண்ணீரின் தெளிவை அளக்க ஒரு வெள்ளைத் தட்டும் கயிறும் போதும். கயிற்றில் கட்டிய தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். கண்ணுக்கு மறையும் இடத்தில் கயிற்றை அளந்துகொள்ள வேண்டும். 1960-களின் முற்பகுதியில், அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் கோடைக்காலத்தில் அந்தத் தட்டு ஏறக்குறைய ஒரு மீட்டரிலேயே மறைந்தது. மறைத்தது சேறு அல்ல. நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் மிதவைப் பாசிகள்.

நகரைச் சுற்றியிருந்த நிலையங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் ஏரியில் விட்டன. ஆனால் அந்தச் சுத்திகரிப்பில் அழுக்கும் கிருமியும் குறையுமே தவிர, கரைந்திருக்கும் பாஸ்பரஸ் பெரும்பாலும் தப்பி வந்துவிடும். பாசியின் உடலில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சுமார் 16 நைட்ரஜன் அணுக்களும் 106 கார்பன் அணுக்களும் உண்டு. தேவை அவ்வளவு சொற்பம். இருந்தும் பல ஏரிகளில் முதலில் தீர்ந்துபோவது பாஸ்பரஸ்தான். அரிசி மூட்டை இருந்தும் உப்பில்லாத வீடு மாதிரி. அந்த உப்பைத்தான் சியாட்டில் வாரி வழங்கிக்கொண்டிருந்தது.

பாசி பெருகியதோடு, பாசிகளுக்குள் யார் கை ஓங்குகிறது என்பதும் மாறியது. 1955-இல் ஆஸிலட்டோரியா ரூபெசென்ஸ் என்ற இழைப்பாசி தென்பட்டது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஏரி ஆய்வாளர் எட்மண்ட்சனுக்கு எச்சரிக்கையாக அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது: சுவிட்சர்லாந்தின் சூரிச் ஏரி கெடத் தொடங்கியபோது தலைகாட்டியதும் இதே இனம். இதன் செல்களுக்குள் காற்றறைகள் உண்டு. அவற்றைக் கொண்டு வேண்டிய ஆழத்தில் மிதக்கும். செந்நிறமி இருப்பதால் மங்கிய வெளிச்சத்திலும் பிழைக்கும். கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டைச் சுமக்கும் டயாட்டம் என்ற பாசிகளோ, நீர் கலங்காமல் நின்றால் மெல்ல மூழ்கிவிடும். தண்ணீர் எவ்வளவு மங்குகிறதோ, அவ்வளவு இந்த இழைப்பாசிக்குச் சாதகம். தனக்கு ஏற்ற இருட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிர் இது.

1963-க்கும் 1968-க்கும் இடையில் கழிவுநீர் ஏரிக்கு வராமல் திருப்பிவிடப்பட்டது. ஏரியில் பாஸ்பரஸ் மளமளவென்று குறைந்தது. நைட்ரஜனும் கார்பனும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பாசியின் அளவோ பாஸ்பரஸைப் பின்தொடர்ந்தே இறங்கியது. ஏரிகள் கெடுவதற்குச் சலவைத்தூளில் இருக்கும் பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் சேர்மம் காரணமா, கார்பன் காரணமா என்று சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. என் பார்வையில் இதைவிடத் தெளிவான சாட்சி தேவைப்பட்டிருக்காது.

ஆனாலும் கதையின் சுவையான பகுதி 1976-இல்தான் வருகிறது. அந்த ஆண்டு டாப்னியா என்னும் நீர்த்தெள்ளு திடீரெனப் பெருகியது. எள்ளளவே இருக்கும் இந்த உயிர், கால்களில் உள்ள சீப்பு போன்ற மயிர்களால் தண்ணீரை வடிகட்டிப் பாசியைத் தின்னும். நீண்ட இழை ஒன்று அங்கே சிக்கிவிட்டால் சேர்த்த இரையையும் சேர்த்து உதறித் தள்ளவேண்டியதுதான். ஆஸிலட்டோரியா மண்டிய நீரில் அதற்கு அரைப்பட்டினி. பாஸ்பரஸ் குறைந்தபின் இழைப்பாசி அருகியது. டாப்னியாவைத் தின்றுவந்த ஒரு சிற்றிறாலும் அதற்கு முன்பே குறைந்துபோயிருந்தது. மேயத் தடையில்லாமல் போனதும் தட்டு மறையும் ஆழம் கோடையில் சராசரியாக 6 மீட்டரைத் தாண்டியது.