முத்திரை குத்திய தாள் மணவிலக்கு ஆகாது

மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரிலிருந்து வந்த அந்தத் தம்பி, பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று பக்க மணவிலக்கு ஒப்பந்தத் தாளைப் பத்திரமாக உருவி, வழக்கறிஞரான என் மேசையில் வைத்தார். அடியில் கணவன், மனைவி கையெழுத்து. பக்கத்தில் சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரை. “விவாகரத்து முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது மேடம். தை மாதம் மறுபடியும் கல்யாணம். பதிவு செய்யப் போனால் அங்கே தகராறு செய்கிறார்கள். நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும்” என்றார்.

தேசியப் பதிவுத் துறையின் பதிவேட்டில் அவர் இன்றும் இன்னொரு பெண்ணின் கணவர். இதில் யார் தகராறு செய்ய வேண்டியிருக்கிறது? தாளைப் படித்தேன். முதல் பத்தியிலேயே ‘இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 13பி’ என்றிருந்தது. இணையத்தில் கிடைத்த இந்திய மாதிரியை இறக்கி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இந்த ஆண்டில் என் மேசைக்கு வந்த இப்படிப்பட்ட ஐந்தாவது தாள் இது. அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோரின் மணவிலக்குக்கு 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. தமிழ் முஸ்லிம் அன்பர்கள் ஷரியா நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அது வேறு வழி. மற்றவர்களின் திருமணத்தை முறிக்கும் அதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு உண்டு. கோயில் தலைவருக்கு இல்லை, பஞ்சாயத்துப் பேசிய தாய்மாமாவுக்கு இல்லை, எனக்கும் இல்லை. ஆணையரின் முத்திரை, இந்த ஆள் என் முன்னால் கையெழுத்திட்டார் என்பதற்கு மட்டுமே சாட்சி. வானத்து நிலாவை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்கிறோம் என்று எழுதிக்கொண்டு போனாலும் அவர் குத்திக் கொடுப்பார். “பத்து வருடமாகத் தனித்தனியாக இருக்கிறோம், தானாகவே முறிந்திருக்காதா?” என்றும் கேட்கிறார்கள். முறியாது. இருபது வருடம் ஆனாலும் முறியாது.

ஒப்பந்தமே வீண் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஒப்பந்தம் கையில் இருந்தால் மணவிலக்கு பாதி முடிந்த மாதிரி. இருவரும் மனமொத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவின் கீழ்க் கூட்டு மனு போடலாம். திருமணமாகி இரண்டு ஆண்டு கடந்திருக்க வேண்டும். சம்மதம் சுயமானதாக இருக்க வேண்டும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் முறையான ஏற்பாடு செய்திருக்க வேண்டும். யார் மீது குற்றம் என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஒருவர் மட்டும் வழக்குப் போடும்போது பொதுவாகப் போக வேண்டிய சமரசக் குழுவுக்கும் போக வேண்டியதில்லை. நீங்கள் பேசி முடித்த நிபந்தனைகள் நீதிமன்ற ஆணைக்குள் ஏறிவிடும். பிறகு யாராவது மீறினால், மீறியது ஆணையை. வீட்டு அலமாரியில் கிடக்கும் தாளுக்கு அந்த வலு கிடையாது.

என்ன எழுதுவது என்பதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். ‘தந்தை நியாயமான செலவைத் தருவார்.’ எவ்வளவு? எந்தத் தேதியில், எந்தக் கணக்கில்? டியூஷன் கட்டணம் அதற்குள்ளா, வெளியிலா? ‘பண்டிகை நாட்களில் பிள்ளைகள் தந்தையோடு.’ இந்த ஒற்றை வரியால் ஒரு தீபாவளிக் காலையில் பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. எண்ணெய் வழியும் தலையோடு ஆறு வயதுப் பையன் நடுவில் நின்றான். தாய் குளிக்க வார்த்து முடிக்கவில்லை. தந்தை ஏழு மணிக்கே வந்துவிட்டார். அன்று எனக்கு இரண்டு பேரிடமிருந்தும் தொலைபேசி. இப்போதெல்லாம் நான் இரட்டைப்படை ஆண்டுத் தீபாவளி யாருக்கு, ஒற்றைப்படை ஆண்டு யாருக்கு, எத்தனை மணிக்கு அழைத்துப் போவது, தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசத்துக்கு யாரோடு போவது என்பது வரை எழுத வைக்கிறேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வீட்டு விஷயம் இன்னும் மோசம். ‘வீடு மனைவிக்கு’ என்று எழுதிவிட்டால் வங்கிக் கடனும் மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். வங்கி உங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லையே! அது ஒப்புக்கொண்டு பெயரை விடுவிக்கும் வரை கடன் இருவர் தலையிலும் இருக்கும். தவணை தவறினால், கணவர் புது வீட்டுக்கு விண்ணப்பிக்கிற அன்று அவருடைய கடன் வரலாற்றைக் காட்டும் சிசிரிஸ் அறிக்கையில் அது பல்லிளிக்கும். நகைக்கும் இதே கதை. ‘நகைகள் மனைவிக்கு’ என்று அழகாக எழுதியிருக்கும். நகை அடகுக்கடையில், சீட்டு மாமியார் கைப்பையில்.

“வீட்டை எனக்கு விட்டுவிட்டால் பிள்ளைக்குச் செலவே கேட்கமாட்டேன்” என்ற பேரமும் வேண்டாம். அது பிள்ளைக்கு உரியது. தாய் விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி எழுதி வைத்தாலும் 97ஆம் பிரிவின்படி நீதிமன்றம் பின்னால் மாற்றலாம். 18 வயதோடு கடமை முடிந்தது என்று எழுதுவதையும் நிறுத்துங்கள். 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, மேற்படிப்பு முடியும் வரை ஆதரவு நீளலாம். மனைவிக்கு மொத்தத் தொகை கொடுத்து ஜீவனாம்சக் கணக்கை முடிப்பதாக இருந்தால், நீதிமன்றம் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது செல்லும்.

ஒரே வழக்கறிஞரை வைத்துக் கூட்டு மனு போடுவது வழக்கம்தான், செலவு மிச்சம். ஆனால் கையெழுத்துக்கு முன் வரைவை வேறொரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதற்குக் கோபித்துக்கொள்ளும் வழக்கறிஞர் உங்களுக்கு வேண்டாம்.

அம்மா, அக்கா, தங்கைகளே, உங்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள். பயந்துகொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். அடிக்குப் பயந்தோ, பிள்ளையைக் காட்டமாட்டேன் என்ற மிரட்டலுக்குப் பயந்தோ வருகிற சம்மதம், சட்டம் கேட்கும் சம்மதம் இல்லை. தனியாக வந்து என்னிடமோ வேறு யாரிடமோ சொல்லுங்கள்.

இன்னொன்று. நீதிமன்றத்தில் முதலில் கிடைப்பது இடைக்கால ஆணை. வழக்கமாக மூன்று மாதம் கழித்துத்தான் அது முழுமையாகும். அந்த மூன்று மாதத்துக்குள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். அதற்குள் தாலி கட்டிப் பதிவும் செய்ய முயன்றால் அது இருதார வழக்கில் போய் நிற்கும்.

பிறைத் தம்பியின் தை மாதத் தேதி தள்ளிப்போகிறது. அந்த மூன்று பக்கத்தில் பிள்ளையின் பள்ளிக்கூடம் பற்றிய இரண்டு வரி மட்டும் உருப்படி. அதை வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாக எழுதுகிறோம். முன்னாள் மனைவி (தம்பி அப்படித்தான் சொல்கிறார், சட்டப்படி இன்னும் மனைவி) அடுத்த வாரம் வருகிறார். திருமணச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறேன். கல்யாண ஆல்பம் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னேன். போன மாதம் ஒருவர் அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.