மானிட்டர் வாங்கும் முன் கிராபிக்ஸ் கார்டைப் பாருங்கள்

கேமிங் கணினிகளை அமைத்துத் தரும் பணியில் நான் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. பழைய திரையில் தடையின்றி ஓடிய விளையாட்டு, புதிய 4கே மானிட்டரை இணைத்த நாளிலிருந்து திக்கித் திணறுகிறது என்பார்கள். மானிட்டரில்தான் கோளாறு என்று நம்பி வருகிறவர்களே அதிகம். சோதித்துப் பார்த்தால் மானிட்டரும் நன்றாக இருக்கும், கணினியும் நன்றாக இருக்கும். ஒன்று கேட்கும் வேலையை மற்றொன்றால் செய்து முடிக்க இயலவில்லை என்பதுதான் உண்மையான சிக்கல். சேமித்த பணத்தைச் செலவிட்டு ஏமாற்றத்தை வாங்கிச் செல்லும் இந்த நிலை பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது என்பதால் இதை எழுதுகிறேன்.

1080பி எனப்படும் 1920×1080 திரையில் படத்தை உருவாக்கும் சின்னஞ்சிறு புள்ளிகளான பிக்சல்கள் ஏறத்தாழ 20.7 லட்சம் உள்ளன. 1440பி திரையில், அதாவது 2560×1440இல், 36.9 லட்சம். 4கே எனப்படும் 3840×2160இல் 82.9 லட்சம். பெயர்களைக் கேட்கும்போது சம உயரமுள்ள படிகளைப் போலத் தோன்றினாலும், 4கே திரை 1080பியைப் போல் நான்கு மடங்கும் 1440பியைப் போல் இரண்டேகால் மடங்கும் பிக்சல்களைக் கொண்டது. இத்தனை பிக்சல்களையும், கணினியில் படத்தை வரையும் பகுதியான கிராபிக்ஸ் கார்டு ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், புதிதாகக் கணக்கிட வேண்டும். திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி, 144 ஹெர்ட்ஸில் அது 6.9 மில்லிவிநாடியாகச் சுருங்கிவிடுகிறது. எதிரிகளின் நகர்வு, பொருள்களின் மோதல் போன்றவற்றைக் கணக்கிடும் பிராசஸரின் வேலை, பிக்சல்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் தெளிவுத்திறனோடு கூடுவதில்லை என்பதால் வேகம் அப்படியே நான்கில் ஒரு பங்காகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆயினும், நடுத்தர கார்டு ஒன்று 1080பியில் விநாடிக்கு 100 ஃபிரேம் கொடுத்த கனமான விளையாட்டு, அதே அமைப்புகளோடு 4கேயில் 40க்கும் கீழே இறங்கினால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

"தேவைப்பட்டால் தெளிவுத்திறனைக் குறைத்துக்கொள்ளலாமே" என்று பலர் கேட்கிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். திரையின் பிக்சல்கள் தொழிற்சாலையிலேயே எண்ணி அமைக்கப்பட்டவை; அவற்றை நாம் குறைக்க முடியாது. 1440பி திரையில் 1080பி படத்தைக் காட்டும்போது, படத்தின் ஒரு பிக்சல் திரையின் ஒன்றேகால் பிக்சலுக்கும் சற்றுக் கூடுதலான நீளத்தில் பரவ வேண்டியிருப்பதால் விளிம்புகள் மங்கி, எழுத்துகள் கலங்கித் தெரியும். 4கே திரையில் கணக்கு சரியாக இரண்டுக்கு இரண்டு என்று பொருந்தினாலும், ஒவ்வொரு பிக்சலையும் மங்காமல் அப்படியே பெருக்கிக் காட்டும் 'முழு எண் அளவிடுதலை', கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரில் நாமே இயக்காதவரை படம் பெரும்பாலும் மென்மையாக்கப்பட்டே வரும். குறைந்த தெளிவுத்திறனில் வரைந்த படத்தை விரித்துக் காட்டும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற நுட்பங்கள் இந்த நெருக்கடிக்கு நல்ல மருந்துதான். 4கேயில் அவற்றின் 'குவாலிட்டி' நிலையைத் தேர்ந்தெடுத்தால், கார்டு உள்ளே 1440பியில் வரைந்து 4கேயாக விரித்துத் தருகிறது. விளைவு பெரும்பாலும் திருப்தியாகவே இருக்கும். 1080பி திரையில் அதே நிலை 720பியிலிருந்து விரிப்பதால் படத்தின் நுண்விவரங்கள் சிதைவது கண்ணுக்குத் தெரியும். ஆகவே 1080பி திரை வாங்குகிறவர்கள் இந்த நுட்பங்களை நம்பித் தங்கள் கார்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

தெளிவுத்திறனைத் தனியாகப் பேசுவதிலும் பொருளில்லை. திரையின் அளவும் நாம் அமரும் தூரமும் சேர்ந்தால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வரும். 24 அங்குல 1080பி திரையில் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல்கள் அமைகின்றன. அதே 1080பியை 27 அங்குலத்துக்கு இழுத்தால் 82 ஆகக் குறைந்து, பிக்சல்களின் கட்டம் தெரியத் தொடங்கும். 27 அங்குல 1440பியில் 109. 32 அங்குல 1440பியில் மீண்டும் 92. 27 அங்குல 4கேயில் 163. இயல்பான பார்வையுள்ள கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுட்பத்தைப் பிரித்தறியும் என்பது பொதுவான அளவுகோல். அதன்படி 92 பிக்சல் அடர்த்தியில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டருக்கு அப்பாலும், 109 அடர்த்தியில் 80 சென்டிமீட்டருக்கு அப்பாலும் தனிப் பிக்சல்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றிவிடும். மேசையில் அமர்ந்து விளையாடும் நம்மில் பெரும்பாலோர் திரையிலிருந்து 60 முதல் 80 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறோம். நாளெல்லாம் எழுத்துகளையும் படிக்கும் ஒருவருக்கு 4கேயின் கூர்மை உண்மையான நன்மை. விளையாட்டுக்கு மட்டும் என்றால், 27 அங்குல 1440பியையே பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன். கூர்மை போதுமானது, கார்டின் மீது சுமத்தும் பாரமும் தாங்கக்கூடியது.

இதற்கு விதிவிலக்கு போட்டிச் சுடும் விளையாட்டுகளை விளையாடுகிறவர்கள். அவர்களுக்கு அழகைவிட உடனடித்தன்மை முக்கியம் என்பதால், 24 அங்குல 1080பி திரையும் உயர்ந்த புதுப்பிப்பு வீதமும் இன்றும் நியாயமான தேர்வே. 60 ஹெர்ட்ஸிலிருந்து 144க்கு மாறும்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏறத்தாழ 10 மில்லிவிநாடி மிச்சமாகிறது. இந்த மாற்றத்தை எவரும் உணர முடியும். 144இலிருந்து 240க்குச் செல்லும்போது கிடைப்பது 3 மில்லிவிநாடிக்கும் குறைவு.

பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள எண்களை அப்படியே நம்ப வேண்டாம் என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரத்தைக் குறிக்கும் '1 மில்லிவிநாடி' என்ற வாசகம் பல மானிட்டர்களில், படத்தைப் பாழாக்கும் அளவுக்கு முடுக்கப்பட்ட அமைப்பில் எடுத்த அளவாகவே இருக்கிறது. குறிப்பாக விஏ எனப்படும் எல்சிடி வகைத் திரைகள் சிலவற்றில் இருண்ட காட்சிகள் நகரும்போது கறுப்புத் தடம் இழுபடும். அந்த எண் இதைச் சொல்வதில்லை. ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் வசதிக்கான 'டிஸ்பிளே எச்டிஆர் 400' என்னும் முத்திரை, திரையைப் பகுதி பகுதியாக மங்கலாக்கும் வசதியைக் கட்டாயமாக்குவதில்லை. ஆகவே எச்டிஆருக்காகவே கூடுதல் பணம் கொடுக்கிறவர்கள் இந்த முத்திரையோடு நின்றுவிடக் கூடாது. '4கே ஆதரவு' என்பதும் '4கே திரை' என்பதும் ஒன்றல்ல. 4கே சமிக்ஞையை ஏற்றுக்கொண்டு 1080பியில் காட்டும் திரைகளும் விற்பனைக்கு வருகின்றன. விவரப்பட்டியலில் திரையின் சொந்தத் தெளிவுத்திறன் எது என்று தேடிப் படியுங்கள்.

கேம் கன்சோலை இணைக்கிறவர்கள் 4கேயில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.1 துளை உள்ள திரையைப் பார்க்க வேண்டும். பழைய எச்டிஎம்ஐ 2.0 வழி 4கேயில் 60 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தபோது 1440பியை ஏற்கவில்லை. 2022 செப்டம்பர் மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகே அந்த வசதி வந்தது. எனவே அந்தக் கன்சோலை முதலில் புதுப்பித்துவிட்டு இணையுங்கள்.

மானிட்டர் வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய வேலைகள் சில உள்ளன. கேபிளை மதர்போர்டின் துளையில் செருகாமல், கிராபிக்ஸ் கார்டின் துளையில் செருக வேண்டும். அடுத்து விண்டோஸின் காட்சி அமைப்புகளுக்குள் சென்று புதுப்பிப்பு வீதத்தைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கி, அது 60இல் ஓடுவதை அறியாமலேயே மாதக்கணக்கில் விளையாடியவர்களை நான் தொடர்ந்து சந்திக்கிறேன். ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் வசதியை மானிட்டரின் அமைப்பு மெனுவிலும் டிரைவரிலும் இயக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும்போது படம் கிழிபடுவதை அது தடுக்கும். பிறகு திரை முழுவதும் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஒற்றை நிறங்களை வரவழைத்து, இறந்த பிக்சல்கள் இருக்கின்றனவா என்று திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் பார்த்துவிடுங்கள். அதுவரை பெட்டியையும் உள்ளிருந்த பஞ்சு அட்டைகளையும் தூக்கி எறிய வேண்டாம்.