பேக்கிங் போட்டால் ஸ்பிரிங் இறுகுமா? பனிச்சாலைக்குக் காரை உயர்த்தும் கணக்கு

"ஷாக் அப்சார்பருக்கு மேல் பேக்கிங் வைத்துக் காரைத் தூக்கினால் ஸ்பிரிங் கல் மாதிரி ஆகிவிடாதா?" கார் சஸ்பென்ஷன் என்றாலே வாசகர்கள் கேட்பது இதைத்தான். (பேக்கிங் என்பது உயரத்துக்காக இடையில் செருகும் தடித்த துண்டு.) ஆகாது. கெடுவது வேறு சில.

ரஷ்யக் கிராமங்களில் இந்தப் பேக்கிங் வேலை சர்வசாதாரணம். ஜனவரியில் லாரிகள் மிதித்த பனி இறுகி இரண்டு பள்ளத் தடங்களாக உறைந்துவிடும், நடுவில் ஒரு மேடு நிற்கும். ரஷ்யக் காரான லாடா கிராண்டாவின் இடது வலது சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.43 மீட்டர்தான், லாரித் தடம் அதைவிட அகலம். ஒரு பக்கச் சக்கரம் தடத்தில் இறங்கும், மறுபக்கம் மேட்டில் ஏறும், எஞ்சினுக்கு அடியிலுள்ள தகடு பனியில் உட்காரும். வண்டியின் எடையில் எவ்வளவை வயிறு தாங்குகிறதோ, அவ்வளவு டயர் மேலிருந்து குறைந்துபோகிறது. பனியில் இருக்கிற கொஞ்சநஞ்சப் பிடிமானமும் போய்ச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். 20 மி.மீ. கூடுதல் உயரத்தின் மதிப்பு அங்கேதான் தெரியும்.

இப்போது ஸ்பிரிங்குக்கு வருவோம். முன்பக்க ஸ்பிரிங் ஒன்று ஏறத்தாழ 2,800 நியூட்டன் சுமக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 20 நியூட்டன் கேட்கும் ஸ்பிரிங் என்றால் அது 140 மி.மீ. அமுங்கி நிற்கும். அதற்கு மேலோ கீழோ 20 மி.மீ. பேக்கிங் வையுங்கள். காரின் எடை மாறவில்லை, ஆகவே அமுங்கலும் அதே 140 மி.மீ.தான். பாடி மட்டும் 20 மி.மீ. மேலே போகிறது. பள்ளத்தில் இறங்கும்போதும் மில்லிமீட்டருக்கு அதே 20 நியூட்டன்.

பிறகு ஏன் 'இறுகிவிட்டது' என்று மெக்கானிக்குகள் சத்தியம் செய்கிறார்கள்? ஸ்பிரிங்குக்கும் ஷாக்கில் அது உட்காரும் தட்டுக்கும் நடுவே பேக்கிங் வைத்தால், சக்கரம் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கைக் கூடுதலாக 20 மி.மீ. நசுக்கித்தான் பூட்ட முடியும். பூட்டும் கைக்கு அந்த இறுக்கம் நிஜம். கார் தரையில் இறங்கியதும் அது மறைந்துவிடுகிறது.

பேக்கிங்கை எங்கே வைக்கிறோம் என்பதுதான் உண்மையான விஷயம். ஸ்பிரிங் தட்டில் வைத்தால், கார் நிற்கும்போதே ஷாக்கின் தண்டு 20 மி.மீ. வெளியே நீண்டிருக்கும். சக்கரம் கீழே தொங்க முன்பு 80 மி.மீ. இடம் இருந்திருந்தால் இனி 60தான். ஆழமான குழியில் சக்கரம் விழுந்ததும் தண்டு எல்லையைத் தொட்டு 'டொக்' என்று அடிக்கும். ஆனால் சக்கரம் இறங்கும் கடைசிப் புள்ளி மாறாது. எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் மடங்கு இணைப்பான சிவி ஜாயின்ட் தப்பிக்கும்.

ஷாக்கின் மேல்முனையைப் பாடியோடு பிணைக்கும் மேல் மவுன்ட்டுக்கும் பாடிக்கும் நடுவே வைத்தால் கதை தலைகீழ். ஷாக் முழுதாகக் கீழே நகர்வதால் தண்டின் ஓட்டம் பழையபடியே இருக்கும், சத்தமும் வராது. ஆனால் தொங்கும் சக்கரம் இப்போது 20 மி.மீ. ஆழமாக இறங்குகிறது, சிவி ஜாயின்ட்டும், சக்கரத்தைத் திரும்பவிடும் உருண்டை இணைப்பான பால் ஜாயின்ட்டும் வடிவமைப்பில் எண்ணாத கோணத்துக்கு மடங்குகின்றன. மைனஸ் 30 டிகிரியில் விறைத்த, ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் (பூட்) மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி முதலில் கிழியும். மணலும் உப்பும் உள்ளே போனபின் ஜாயின்ட் அதிக நாள் தாங்காது.

50 மி.மீ. பேக்கிங்கும் கடையில் கிடைக்கிறது. வாங்காதீர்கள். சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்ம் சாயச் சாய, ஒவ்வொரு மில்லிமீட்டரும் முந்தையதைவிட அதிகம் கெடுக்கும். 350 மி.மீ. நீள ஆர்ம் கிடைமட்டத்திலிருந்து முதல் 20 மி.மீ. இறங்கும்போது சக்கரத்தின் அடி உள்ளே நகர்வது 0.6 மி.மீ.; அடுத்த 20க்கு 1.7; அதற்கடுத்த 20க்கு 2.9. சக்கரத்தின் சாய்வும் (கேம்பர்) அது பார்க்கும் திசையும் (டோ) கூடவே விலகும். 2014இல் வந்த லாடா கலீனா கிராஸ் காரில் தொழிற்சாலையே உயர்த்தியது மொத்தம் 23 மி.மீ.தான், சஸ்பென்ஷனில் 16, மீதி 7 டயரில். சோதனைத் தடமும் பொறியாளர்களும் வைத்திருப்பவர்கள் 16இல் நிற்கும்போது, தெருமுனைக் கடை 50 என்பது அறிவியல் அல்ல, ஆசை.

வேலை எளிது. கிராண்டாவின் முன் மவுன்ட்டை மூன்று எம்8 நட்டுகள் பிடித்திருக்கும், 13 ஸ்பேனர். வீலைக் கழற்றி, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையைப் புல்லர் என்ற இழுப்புக் கருவியால் விடுவித்து, பிரேக் ஹோஸை ஷாக்கிலிருந்து எடுத்துவிட்டு, வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் ஆன்டி ரோல் பாரின் இணைப்பையும் அவிழ்த்தால் சக்கரம் பூட்டும் ஹப் போதுமான அளவு இறங்கும். நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். பேக்கிங்கோடு நீளமான போல்ட் வருகிறதா என்று பாருங்கள். பழைய போல்ட்டில் நட்டு முழுதாகப் பிடிக்காது. இறுக்கம் 20 நியூட்டன் மீட்டர் அளவில் போதும், மிஞ்சினால் மரை போகும்.

பலரும் விடுவது ஒன்று: லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கார் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போதுதான் மறுபடி இறுக்க வேண்டும். இல்லையென்றால் அதன் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் பிய்யும். பிறகு வீல் அலைன்மென்ட். தள்ளிப்போட்டால் டயரின் ஓரம் தேயும்.

பின்பக்கத்தை விட்டுவிட்டு முன்பக்கத்தை மட்டும் தூக்குபவர்களும் உண்டு. கிராண்டாவின் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் (வீல்பேஸ்) 2,476 மி.மீ.; 20 மி.மீ. தூக்கினால் ஹெட்லைட் 0.8 சதவீதம் நிமிரும். லோ பீமுக்கு வைக்கும் கீழ்ச்சரிவே ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் என்பதால், எதிரே வருபவரின் கண் கூசும். பின்பக்கத்தைத் தூக்கும்போது ஏபிஎஸ் இல்லாத பழைய லாடாக்களில் இன்னொரு சிக்கல். பின் பிரேக் அழுத்தத்தைச் சரிசெய்யும் ரெகுலேட்டர், பாடிக்கும் பின்சக்கரங்களை இணைக்கும் பீமுக்கும் இடையே உள்ள தூரத்தை வைத்துத்தான் சுமையை ஊகிக்கிறது. பாடி உயர்ந்ததும் வண்டி காலி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் லீவரையும் புதிய உயரத்துக்கு நகர்த்தி வைத்த பிறகே பனியில் இறக்கலாம்.