ரேடியோமீட்டர் பார்க்காத வெப்பம்

விண்கலம் வளிமண்டலத்தில் நுழையும்போது காற்றில் உரசிச் சூடாகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், கலத்துக்கு முன்னால் எழும் அதிர்ச்சி அலை காற்றை நெருக்கிப் பல ஆயிரம் டிகிரிக்குக் கொண்டுபோகிறது. அந்த வாயு கலத்தின் வெப்பக் கவசத்தைத் தொட்டும் சுடும். தொடாமல் ஒளியாகவும், அதாவது கதிர்வீச்சாகவும், சுடும். தொட்டுச் சுடுவதைக் குறைக்க முகப்பை அகலமாக்கினால், ஒளிரும் படலம் தடித்துக் கதிர்வீச்சு கூடிவிடும். தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து திரும்பும் கலத்துக்கு இது பெரிய கவலை இல்லை. நிலவிலிருந்து நொடிக்கு 11 கி.மீ. வேகத்தில் வரும் கலத்துக்கு அப்படி விட்டுவிட முடியாது.

இதை அளக்கவே நாசா 1965 மே 22 அன்று ஃபயர் 2 கலத்தை நொடிக்குச் சுமார் 11.35 கி.மீ. வேகத்தில் பூமியின் வளிமண்டலத்துக்குள் செலுத்தியது. இந்த வெப்பத்தைக் கணிக்கும் கணினி நிரல் எழுதுகிற எல்லோரும் இன்றும் அந்தத் தரவோடுதான் முதலில் ஒப்பிடுகிறோம். அங்கேதான் மாணவர்கள் அடிக்கடி இடறுகிறார்கள். ஃபயர் 2-இல் கதிர்வீச்சை அளந்த கருவியான ரேடியோமீட்டர், குவார்ட்ஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தது. 200 நானோமீட்டருக்குக் கீழே அதற்கு எதுவும் தெரியாது. நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களோ அந்தப் புற ஊதாப் பகுதியில்தான் கடுமையாக ஒளிர்கின்றன. ஆகவே நிரல் தரும் மொத்தக் கதிர்வீச்சை ரேடியோமீட்டரின் எண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. இரண்டும் பொருந்திவந்தால்தான் நான் அதிகம் பயப்படுவேன். அதே கலத்தில் மொத்த வெப்பத்தை அளந்த பெரிலியம் கலோரிமீட்டர்கள் பதிவு செய்த வெப்பத்தில் அந்தப் புற ஊதாவும் சேர்ந்திருக்கிறது.

நாசா ஏம்ஸ் மையத்தில், ஆய்வகத்திலேயே அதிர்ச்சி அலையை உண்டாக்கும் அதிர்ச்சிக் குழாயில் இந்தப் புற ஊதாவைத் தனியாக அளக்கிறார்கள். சூடான வாயு குழாயின் ஜன்னலைக் கடப்பது சில மைக்ரோ நொடிகளில். அறைக் காற்றே அந்தப் புற ஊதாவை விழுங்கிவிடும் என்பதால், ஜன்னலிலிருந்து, ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டர் வரை ஒளி போகும் பாதை முழுக்க வெற்றிடமாக இருக்க வேண்டும்.

செவ்வாயில் இதே பிரச்சினை மறுகோடியில் வருகிறது. அங்கே கார்பன் டை ஆக்சைடு 4.3 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பில் ஒளிர்கிறது. அதுவும் கலத்துக்குப் பின்னால் விரிந்தோடும் வாயுவில். பின்புறக் கவசத்தில் கதிர்வீச்சைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நெடுங்காலம் கணக்குப் போட்டார்கள். தொட்டுச் சுடும் வெப்பம் அங்கே குறைவு என்பதால், இந்தக் கதிர்வீச்சே பெரும்பங்காகிவிட முடியும். 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ், பின்புறக் கவசத்திலேயே ஒரு ரேடியோமீட்டரை வைத்துக்கொண்டு போனது.

உங்கள் நிரலில் பின்புறக் கதிர்வீச்சுக்குப் பூஜ்யம் போட்டிருந்தால், அதை யார், எந்த அலைநீளத் தரவை வைத்துப் போட்டார்கள் என்று தேடுங்கள். பதில் கிடைக்கும்வரை கவசத்தின் தடிமனைக் குறைக்கக் கையெழுத்துப் போடாதீர்கள்.