செக்ஸ்தேத்தோ: பெயரில் மட்டும் ஆறு

கொலம்பியாவின் கரீபியன் கரைப் பகுதியில், கார்த்தஹேனா நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் சான் பசிலியோ தே பலேங்கே என்ற ஊர் இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஆப்பிரிக்கர்கள் அரண் கட்டி வாழ்ந்த குடியிருப்பு. ‘பலேங்கே’ என்றாலே மரக்கழிகளால் ஆன வேலி. இந்த ஊரின் பெயர்பெற்ற இசைக்குழு ‘செக்ஸ்தேத்தோ தபலா’.

செக்ஸ்தேத்தோ ஸ்பானியச் சொல். முதல் எழுத்துகளைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். லத்தீனில் ‘செக்ஸ்’ என்றால் ஆறு, ‘செக்ஸ்துஸ்’ என்றால் ஆறாவது. வடமொழி வழியாக நம் நாட்காட்டிக்கு வந்த சஷ்டியும் இதற்கு உறவுதான். ஸ்பானிய மொழியில் நம் தகர ஒலி உண்டு. எனவே ‘செக்ஸ்டெட்டோ’ என்று எழுதுவது ஆங்கிலத்தின் வழியே ஊர் சுற்றி வருவதாகும்.

நேர்ப்பொருள், ஆறு பேர் வாசிக்கும் குழு. 1920களில் கியூபாவின் ‘சோன்’ இசைக்குழுக்கள் இப்படித்தான் அமைந்தன: கிதார், த்ரெஸ் ஆகிய தந்திக் கருவிகள், பாங்கோ என்னும் இரட்டை மேளம், மராக்கா என்னும் கிலுக்கு, ஒன்றோடொன்று தட்டும் கிளாவே கட்டைகள், அடிநாதத்துக்கு ஒரு கருவி. 1927 வாக்கில் டிரம்பெட் சேர்ந்து ஏழானதும், கியூபர்கள் ஒழுங்காகக் கணக்குப் பார்த்து ‘செப்தேத்தோ’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்.

பலேங்கேயில் யாரும் எண்ணவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருகிலிருந்த சின்செரின் சர்க்கரை ஆலைக்குக் கியூபர்கள் வேலைக்கு வந்தார்கள். அங்கே கூலிக்குப் போன பலேங்கேக்காரர்கள் சோனைக் கேட்டுப் பழகி, குழுவின் பெயரோடு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் தந்திக் கருவிகள் உதிர்ந்துபோயின. தோலும் கட்டையும் குரலும் மிஞ்சின, கூடவே மரிம்புலா.

மரிம்புலா ஒரு மரப்பெட்டி. வாசிப்பவர் அதன் மேலேயே உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே கையைத் தாழ்த்தி, முகப்பில் பொருத்திய உலோகப் பட்டைகளை விரலால் சுண்டுகிறார். ஆப்பிரிக்காவில் உள்ளங்கையில் ஏந்திக் கட்டைவிரலால் மீட்டும் ம்பிராவின் பெரிய உருவம் இது. பாட்டின் அடிநாதம் முழுவதும் அந்தப் பெட்டியிலிருந்தே எழுகிறது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘அறுவர் இசைக்குழு’ கியூபாவின் பழைய குழுக்களுக்குக் கச்சிதம். பலேங்கேயில் முன்பாட்டுக்காரரும் பதில்குரல் கொடுப்பவர்களும் சேர்ந்தால் தலைக்கணக்கு ஆறோடு நிற்பதில்லை. ‘இயம்’ என்றால் இசைக்கருவி; பல்லியம், இன்னியம் போல ‘ஆறியம்’ என்று ஆக்கிப் பார்த்தேன். காதில் ‘ஆரியம்’ என்று விழுந்து வேண்டாத வம்பை இழுக்கும். கேரளப் பஞ்சவாத்தியத்தில் பத்துக்கணக்கானோர் வாசித்தாலும் பெயர் பொய்யாவதில்லை, அங்கே எண்ணுவது ஆட்களை அல்ல, கருவி வகைகளை. பலேங்கேயில் அதுவும் இல்லை.

ஆகவே என் வழக்கம் இது: பொதுவாக எழுதும்போது ‘அறுவர் இசைக்குழு’, பலேங்கே குழு என்றால் ‘செக்ஸ்தேத்தோ’ என்றே விட்டு, முதல் முறை மட்டும் ‘மரிம்புலாவும் தாளக் கருவிகளும் கொண்ட பாட்டுக்குழு’ என்று ஒரு வரி சேர்ப்பேன்.